பாம்பின் பேறுகாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பு என்றதும் மனதில் வருவது நஞ்சும் பயமும்தான். அது எப்படிப் பிறக்கிறது, பெற்றெடுக்கத் தாய் என்ன பாடு படுகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. யோசிக்க ஆரம்பித்தவர்கள் மட்டும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, தெரிந்த அளவில் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பாம்புத் தாய்க்குப் பாசம் இல்லை என்று சொல்பவர்களுக்கு நடுவில் கொஞ்சம் நீளமான பதில் இருக்கிறது. அதைத் தவறாமல் படியுங்கள்.

பாம்பு முட்டை இடுமா, குட்டி போடுமா?

இரண்டும் உண்டு. உலகத்தில் சுமார் 4,000 வகைப் பாம்புகள் இருக்கின்றன. பத்துக்கு ஏழு முட்டையிடுபவை, மீதி குட்டி போடுபவை என்று தோராயமாகச் சொல்லலாம்.

நமக்குப் பெயர் தெரிந்த பாம்புகளையே எடுத்துக்கொள்வோம். நல்ல பாம்பு, ராஜநாகம், சாரை, மலைப்பாம்பு, தண்ணீர்ப்பாம்பு எல்லாம் முட்டையிடும். கண்ணாடி விரியன், மண்ணுளிப் பாம்பு, கண்கொத்திப் பாம்பு என்று சொல்லும் பச்சைப்பாம்பு ஆகியவை குட்டி போடும். கட்டுவிரியனின் பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் குடும்பம் இல்லை, நாகத்தின் உறவு. அதனால் அது முட்டைதான் இடும். பெயரை வைத்து முடிவு செய்தால் தவறிவிடுவோம்.

குடும்பத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சுருட்டை விரியனில் இந்தியாவில் வாழும் இனம் குட்டி போடுகிறது. ஆப்பிரிக்காவில் உள்ள அதன் நெருங்கிய உறவினங்கள் முட்டையிடுகின்றன. உண்மையான கடல் பாம்புகள் கடலிலேயே குட்டி போட்டு, கரைக்கு வராமலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. கடல் கட்டுவிரியன்களோ முட்டையிட நிலத்துக்கு வந்தாக வேண்டும்.

பாம்புகளுக்குள் ஏன் இந்த இரண்டு வழி?

குளிர்தான் பெரிய காரணம் என்பது பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். முட்டை வளரச் சூடு வேண்டும். குளிர்ந்த மண்ணில் இட்டுவிட்டுப் போனால் கரு வளராது. அதையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டால், வெயில் இருக்கும் இடமாகப் பார்த்துத் தாய் நகர்ந்து நகர்ந்து காய முடியும். நடமாடும் அடைகாப்புப் பெட்டி என்று சொல்லலாம். ஐரோப்பிய விரியன் ஒன்று ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கூட வாழ்கிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். அது குட்டி போடும் பாம்பு.

கடல் பாம்பின் காரணம் வேறு. தண்ணீரில் இட்ட முட்டைக்குள் இருக்கும் கரு மூச்சு முட்டிச் செத்துவிடும். கரைக்குப் போகாமல் வாழ நினைத்தால் குட்டி போடுவதுதான் ஒரே வழி.

பல்லிகளையும் பாம்புகளையும் சேர்த்துப் பார்த்தால், முட்டையிலிருந்து குட்டிக்கு மாறுவது தனித்தனியாக நூறு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. பழக்கமும் ரொம்பப் பழையது. ஜெர்மனியின் மெசெல் என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் பழமையான ஒரு பாம்புப் புதைபடிவத்தின் வயிற்றில் குட்டிகளின் எலும்புகள் இருந்தன. 2022-ல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது.

குட்டி போடுகிறது என்றால் பாலூட்டி மாதிரியா?

இல்லை. பால் கிடையாது, மடி கிடையாது. பெரும்பாலான இனங்களில் கருவுக்கான உணவு மஞ்சள் கருவிலிருந்துதான் வருகிறது. முட்டையிடும் பாம்பு ஓடு கட்டி வெளியே தள்ளுவதை, இது ஓடு கட்டாமல் மெல்லிய சவ்வோடு உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

ஆனால் "முட்டை உள்ளேயே பொரிகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடுவதும் சரியில்லை. வளரும் கருவுக்குத் தாயின் உடலிலிருந்துதான் உயிர்வளியும் தண்ணீரும் போகின்றன. சில இனங்களில் எளிமையான நஞ்சுக்கொடி போன்ற அமைப்பு உருவாகி, அதன் வழியாகச் சத்தும் கொஞ்சம் போகிறது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே உண்மையான கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

ஆண், பெண் எப்படி அடையாளம் காண்பது?

வாலைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு வால் நீளம், அடிப்பகுதி தடிப்பு. பெண்ணுக்கு வால் குட்டை, சட்டென்று ஒடுங்கிவிடும். ஆணின் உறுப்புகள் வாலுக்குள்ளே மடிந்து கிடப்பதால் வந்த வித்தியாசம் இது. உடல் அளவில் பல இனங்களில் பெண்தான் பெரிது. மலைப்பாம்பும் அனகோண்டாவும் தெளிவான உதாரணங்கள். ராஜநாகத்தில் ஆண் பெரிது. தொலைவிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம்.

கூப்பிடக் குரல் இல்லாத பாம்பு, துணையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாசனையால். பெண் பாம்பின் தோலில் ஃபெரோமோன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. பல இனங்களில் பெண் சட்டை உரித்த பிறகு அது தூக்கலாக இருக்கும். பெண் ஊர்ந்து போன தடத்தில் அது படிகிறது. ஆண் நாக்கை நீட்டி நீட்டி அந்தத் துகள்களை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. பாம்பின் நாக்கு பிளந்திருப்பது இதற்கு வசதி. இடது நுனியிலும் வலது நுனியிலும் வாசனை எவ்வளவு என்று ஒப்பிட்டு, தடம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளும். சில ஆண்கள் இப்படி நாட்கணக்கில் தேடி அலைகின்றன.

இதில் கனடா நாட்டின் மானிட்டோபா மாகாணத்தில் நடப்பது தனிக்கதை. அங்கே நார்சிஸ் என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் குளிர்காலம் முழுவதும் உறங்கும் கார்ட்டர் பாம்புகள் வசந்தத்தில் பல்லாயிரக்கணக்கில் வெளியே வருகின்றன. ஆண்கள் முதலில் வந்து காத்திருக்கும். ஒரு பெண் தலைகாட்டியதும் பத்து, இருபது, சில நேரம் அதற்கும் அதிகமான ஆண்கள் மொய்த்துக்கொண்டு, பந்து மாதிரி உருளும். சில ஆண்கள் வெளியே வந்த முதல் ஓரிரு நாள் பெண்ணின் வாசனையையே வெளியிடுகின்றன. மற்ற ஆண்கள் ஏமாந்து வந்து அதன் மேல் மொய்க்கும். அந்தக் கூட்டத்தின் சூட்டில் குளிர்ந்து கிடந்த அதன் உடல் சீக்கிரம் சூடேறிவிடும்.

இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நிற்கின்றனவே, அது இணைசேர்வதுதானே?

பெரும்பாலும் இல்லை. அது இரண்டு ஆண்களின் மல்யுத்தம். பக்கத்தில் எங்கேயோ இருக்கும் பெண்ணுக்காக, முன்னுடலைத் தூக்கி, ஒன்றை ஒன்று முறுக்கி, எதிராளியின் தலையைத் தரையில் அமுக்கப் பார்க்கும். சாரை, ராஜநாகம், விரியன் வகைகள் பலவற்றில் இது நடக்கும். நஞ்சுள்ள பாம்புகள் கூட இந்தச் சண்டையில் பெரும்பாலும் கடித்துக்கொள்வதில்லை. தோற்றது விலகிப் போய்விடும். பார்க்க அவ்வளவு அழகாக இருப்பதால் நடனம் என்றும் கலவி என்றும் நம்பிவிடுகிறோம்.

உண்மையான சேர்க்கை இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருக்காது. இரண்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், வால்கள் மட்டும் பின்னியிருக்கும்.

சாரைதான் நல்ல பாம்பின் ஆண் என்கிறார்களே?

தவறு. சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாகத்திலும் அப்படியே. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள், ஒன்றோடு ஒன்று சேர்ந்து குட்டி பிறக்காது.

சேர்க்கை எப்படி நடக்கிறது?

ஆண் பாம்புக்கு இனப்பெருக்க உறுப்பு இரண்டு. வாலின் அடியில் இடமும் வலமுமாக, கையுறையின் விரலை உள்பக்கமாக இழுத்துவிட்டது போலச் சுருண்டிருக்கும். சேரும்போது இரண்டில் ஒன்றை மட்டும் வெளியே புரட்டிப் பெண்ணின் பொதுப்புழைக்குள் செலுத்தும். பொதுப்புழை என்பது கழிவு, முட்டை, குட்டி எல்லாம் வெளியேறும் ஒரே வாசல். பல இனங்களில் அந்த உறுப்பின் மேல் முள் போன்ற நுண்ணிய அமைப்புகள் உண்டு. ஆகவே இணைந்த பாம்புகள் சட்டென்று பிரிய முடியாது. சில நிமிடங்களில் முடிப்பவையும் உண்டு, மணிக்கணக்கில் இணைந்திருப்பவையும் உண்டு. அந்த நேரத்தில் எதிரி வந்தால் இரண்டுக்கும் ஆபத்து.

ஆண் உறுப்பின் வடிவத்தை வைத்து இனங்களைப் பிரித்து எழுதும் வழக்கம் அறிவியலில் நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. பெண்ணின் பக்கத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் பார்க்கவில்லை. பெண் பாம்புகளுக்கு இரட்டைப் பெண்குறிக் காம்பு இருப்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்து மேகன் ஃபோல்வெல்லும் குழுவினரும் சரியாக விவரித்தது 2022-ல்தான். அதில் நரம்புகள் நிறைய இருப்பதையும் காட்டினார்கள். இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்கு அது சிறியது என்பது மட்டும் காரணம் இல்லை. தேடிப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

தனியாக வளர்த்த பெண் பாம்பு முட்டை இட்டது. எப்படி முடியும்?

மூன்று விதத்தில் முடியும்.

முதலாவது, அது கருவுறாத முட்டையாக இருக்கலாம். கோழி இடுவதில்லையா, அது மாதிரி. மஞ்சளாக, சின்னதாக, சுருங்கி இருக்கும். பொரியாது.

இரண்டாவது, பழைய உறவின் விந்து. பெண் பாம்பின் முட்டைக் குழாயில் விந்தணுவைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழிகள் உண்டு. இலையுதிர் காலத்தில் சேர்ந்து, குளிர்காலம் முழுவதும் விந்தைப் பத்திரமாக வைத்திருந்து, வசந்தத்தில் கருத்தரிப்பது பல பாம்புகளுக்குச் சாதாரணம். அமெரிக்காவில் ஒரு கிலுகிலுப்பை விரியன் குறைந்தது ஐந்து ஆண்டு ஆண் துணையே இல்லாமல் இருந்துவிட்டு 19 குட்டிகள் போட்டது. மரபணுவைப் பார்த்தபோது அவற்றுக்குத் தந்தை இருந்தது உறுதியானது. 2011-ல் இது வெளியானது.

மூன்றாவதுதான் மலைக்க வைப்பது: ஆணே இல்லாமல் பிறப்பது, அதாவது கன்னிப் பிறப்பு. அமெரிக்காவின் லூயிவில் விலங்குக் காட்சியகத்தில் தெல்மா என்ற வலைப்பின்னல் மலைப்பாம்பு, சுமார் 6 மீட்டர் நீளம், இன்னொரு பெண் பாம்போடு மட்டுமே வாழ்ந்தது. 2012-ல் அது 61 முட்டைகள் இட்டது. ஆறு பெண் குட்டிகள் பிறந்தன. விந்துச் சேமிப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மரபணுச் சோதனையில் தந்தையின் தடயமே இல்லை. கூண்டுக்குள் மட்டும் நடக்கும் விபத்து என்றும் ஒதுக்க முடியாது. காட்டில் பிடித்த அமெரிக்க விரியன் வகைகளிலும் இதே ஆண்டு கன்னிப் பிறப்பு உறுதி செய்யப்பட்டது.

இவையெல்லாம் எப்போதாவது நடப்பவை. இதையே வாழ்க்கை முறையாக வைத்திருக்கும் பாம்பு ஒன்றே ஒன்றுதான் தெரியவந்திருக்கிறது: பூந்தொட்டி மண்ணில் மண்புழு மாதிரி நெளியும் புழுப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். இந்த இனத்தில் அத்தனையும் பெண். தாய் தன் படியையே முட்டையாக இடுகிறது. ஒரே ஒரு பாம்பு தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், போய்ச் சேர்ந்த நாட்டில் வம்சம் தொடங்கிவிடும். அப்படித்தான் ஆசியாவிலிருந்து கிளம்பி வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியிருக்கிறது. நிலத்தில் வாழும் வேறு எந்தப் பாம்பும் இவ்வளவு பரவியதில்லை.

குட்டி ஆணா பெண்ணா என்பது எதனால் முடிவாகிறது?

முதலைக்கும் பல ஆமைகளுக்கும் முட்டை இருக்கும் இடத்தின் வெப்பம் முடிவு செய்கிறது. பாம்புக்கு அப்படி இல்லை, குரோமோசோம்தான். மனிதரில் தந்தையின் விந்து தீர்மானிப்பதைப் பெரும்பாலான பாம்புகளில் தாயின் கருமுட்டை தீர்மானிக்கிறது, பறவைகளில் போலவே. போவா, மலைப்பாம்பு இரண்டிலும் நம்மைப் போன்ற ஏற்பாடு இருப்பது 2017-ல் தெரியவந்தது. அதற்குத் துப்புக் கொடுத்தவை மேலே சொன்ன கன்னிப் பிறப்புக் குட்டிகள்தான்.

சினையாக இருக்கும் பாம்பு என்ன செய்யும்?

வெயில் காயும். முடிந்தவரை அசையாமல் இருக்கும். பல இனங்களில் சாப்பாடு குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றுவிடும். வயிறு முழுக்க முட்டையோ குட்டியோ அடைத்திருக்கும்போது இரை இறங்க இடம் ஏது? கனத்த உடலோடு வேகமாகத் தப்பி ஓடவும் முடியாது. பாம்பின் உடல் ஒடுங்கிய நீளக் குழாய் என்பதால் உள்ளுறுப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாமல் முன்பின்னாக அடுக்கியிருக்கின்றன. வலது கருப்பை முன்னால், இடது பின்னால். முட்டைகளும் ஒற்றை வரிசையில் கோத்த மாதிரி இருக்கும்.

மஞ்சள் கருவுக்கு வேண்டிய கொழுப்பைத் தாய் முன்கூட்டியே உடம்பில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சேர்ப்பு போதாவிட்டால் அந்த ஆண்டு கருத்தரிக்காது. அதனால் பல பாம்புகள் ஆண்டுதோறும் ஈனுவதில்லை. வட அமெரிக்கக் குளிர்ப் பகுதியில் வாழும் ஒரு கிலுகிலுப்பை விரியனுக்கு முதல் ஈற்றுக்கே ஏழெட்டு வயதாகிவிடும். அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான். அப்படிப்பட்ட ஒரு தாயை அடித்துக் கொன்றால் அந்த இடத்தில் பாம்புகளின் எண்ணிக்கை மீள எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடி விரியனுக்குச் சினைக்காலம் ஆறு மாதத்துக்கும் மேல். அனகோண்டாவுக்கும் ஆறேழு மாதம். முட்டையிடும் பாம்புகள் ஓரிரு மாதம் வயிற்றில் வைத்திருந்து முட்டையிட்ட பிறகு, வெளியே இன்னும் இரண்டு மாதம் போல ஆகும்.

ஒரு ஈற்றில் எத்தனை?

ஒன்றிலிருந்து நூற்றுக்கு மேல் வரை. பார்படோஸ் தீவில் 10 சென்டிமீட்டர் நீளமே உள்ள நூல்பாம்பு ஒன்று இருக்கிறது. 2008-ல் தனி இனம் என்று அறிவித்தார்கள். அது ஒரே ஒரு முட்டை இடும். பொரித்து வரும் குட்டி தாயின் நீளத்தில் பாதி இருக்கும்! உடல் அவ்வளவு சிறிதானால் அதற்கும் சின்னக் குட்டியை உருவாக்க முடியாது போலிருக்கிறது.

மறுகோடியில் ஆப்பிரிக்காவின் பஃப் விரியன். செக் நாட்டு விலங்குக் காட்சியகம் ஒன்றில் அது ஒரே ஈற்றில் 156 குட்டிகள் போட்டது. கண்ணாடி விரியன் வழக்கமாக 20 முதல் 40; அறுபதைத் தாண்டியதும் பதிவாகியிருக்கிறது. நல்ல பாம்பு 10 முதல் 30 முட்டைகள், ராஜநாகம் 20 முதல் 40. தாய் பெரிதானால் எண்ணிக்கையும் கூடும்.

பாம்பு முட்டை எப்படி இருக்கும்?

வெள்ளையாக, நீள்வட்டமாக. கோழி முட்டை போல ஓடு கடினமாக இருக்காது. தோல் மாதிரி வளைந்து கொடுக்கும். மலைப்பாம்பு, நாகம் போன்றவற்றின் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். சுவரிடுக்கில் வட்டமாக, கடினமான ஓட்டோடு ஒட்டியிருப்பது பல்லி முட்டை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பாம்பு முட்டை மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஈரம் கிடைக்காவிட்டால் வற்றிச் சுருங்கிவிடும். அதனால்தான் மட்கிய இலைக்குவியல், உளுத்த மரம், கரையான் புற்று, எலி வளை என்று ஈரமும் சூடும் நிலையாக இருக்கும் இடத்தைத் தாய் தேடுகிறது. ஐரோப்பாவில் ஒருவகைத் தண்ணீர்ப்பாம்பு எருக்குவியலைத் தேடி வரும். எரு மட்கும்போது வரும் சூடு முட்டைக்குப் போதும். ஒரே குவியலில் பல தாய்கள் வந்து இட்டுவிட்டுப் போவதும் உண்டு.

பாம்பு அடைகாக்குமா?

எல்லாம் இல்லை. பெரும்பாலானவை இடம் பார்த்து இட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் அடைகாப்பவை செய்வதைத் தெரிந்துகொண்ட பிறகு, பாம்பைப் பாசமற்றது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மலைப்பாம்பு முட்டைகளைக் குவித்து அதன் மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும். சுமார் இரண்டு மாதம் இரை எடுக்காது. பர்மிய மலைப்பாம்பும் இந்திய மலைப்பாம்பும் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குளிர் அதிகமானால் உடல் தசைகளை விட்டுவிட்டுத் துடிக்க வைத்துச் சூடு உண்டாக்குகின்றன. நாம் குளிரில் நடுங்கினால் உடம்பு சூடேறுகிறதே, அதே வித்தைதான். சுற்றுப்புறத்தைவிட ஐந்து, ஆறு டிகிரி அதிகமாக முட்டையை வைத்திருக்க முடியும். குளிர்ரத்தப் பிராணி என்று நாம் ஒதுக்கிய ஒன்று தன் சந்ததிக்காகச் சூட்டைத் தானே தயாரிக்கிறது! 1830-களில் ஒரு பிரெஞ்சுப் பயணி இதைச் சொன்னபோது அறிஞர்கள் நம்பவில்லை. 1841-ல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் வலன்சியன் என்ற விலங்கியலாளர் வெப்பமானி வைத்து அளந்து காட்டினார். 1966-ல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு, குளிர் கூடக் கூடத் துடிப்பும் கூடுகிறது என்று தெளிவாக்கியது.

ராஜநாகம் கூடு கட்டும். கையும் காலும் இல்லாத உயிர், உடலை வளைத்து வளைத்துச் சருகுகளை இழுத்துக் குவித்து மேடாக்குகிறது. நடுவில் முட்டைகளை இட்டு, மேலே மூடி, தான் கூட்டின் மேலேயோ பக்கத்திலேயோ காவல் இருக்கும். மழை பெய்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காத அளவுக்குச் சருகு இறுகியிருக்கும். சருகு மட்கும்போது எழும் சூடு முட்டைகளைக் காக்கிறது. இரண்டு முதல் மூன்று மாதம் வரை இந்தக் காவல் நீளும். குஞ்சுகள் பொரிக்கும் நேரம் நெருங்கும்போது தாய் இடத்தைவிட்டு நீங்கிவிடும். மற்ற பாம்புகளைத் தின்று வாழும் இனம் அது. பசியோடு இருக்கும்போது தன் குட்டியையே தின்றுவிடக் கூடாதென்று விலகுகிறது என்று சொல்வார்கள். விலகுவது கண்ணால் பார்த்தது, காரணம் நம் ஊகம்.

நல்ல பாம்புத் தாயும் முட்டைகளோடு தங்கும். அந்த நேரத்தில் நெருங்கினால் சீறுவதும் படமெடுப்பதும் அதனால்தான்.

முட்டையிலிருந்து குட்டி எப்படி வெளியே வருகிறது?

மேல் தாடையின் நுனியில் ஒரு சின்னப் பல் முளைத்திருக்கும். முட்டைப்பல் என்பார்கள். பறவைக்குஞ்சின் அலகு நுனியில் இருப்பது வெறும் கொம்புப் புடைப்பு; பாம்புக்கு இருப்பது நிஜமான பல். ஓட்டைக் குட்டி குத்தி உடைப்பதில்லை, கத்தியால் கீறுவது போலக் கீறுகிறது. கீறல் வழியாக மூக்கை மட்டும் நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு நாள், சில நேரம் அதற்கும் மேல், உள்ளேயே கிடக்கும். மீதியுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள அந்த நேரம் தேவை. பாவம் என்று நாம் பிரித்துவிட்டால் கெடுத்துவிடுவோம். வெளியே வந்த சில நாளில் அந்தப் பல் விழுந்துவிடும்.

குட்டி போடும் பாம்பில்?

குட்டி மெல்லிய, ஒளி ஊடுருவும் சவ்வுப் பைக்குள் சுருண்டபடி வெளியே வந்து விழும். சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் பையைக் கிழித்துக்கொண்டு, கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து முதல் மூச்சு எடுக்கும். கொஞ்ச நேரத்தில் ஊர ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றாகப் பெற்று முடிக்கத் தாய்க்குச் சில மணி நேரம் ஆகலாம். அனகோண்டா போன்றவை, உருவாகாமல் போன கருக்களைத் தின்றுவிடுகின்றன. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்கு அது முதல் உணவு.

விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும், தாய் செத்துவிடும் என்பது உண்மையா?

இல்லை. இந்தக் கதையைச் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சினை விரியன் வண்டியில் அடிபட்டோ வெட்டுப்பட்டோ செத்த இடத்தில், பிளந்த வயிற்றிலிருந்து குட்டிகள் நெளிந்து வருவதைப் பார்த்தவர்கள் சொன்னதாக இருக்கலாம். ஈன்ற தாய் மெலிந்து களைத்துப் போகும். ஆனால் தேறி, மறுபடியும் ஈனும்.

பிறந்த பிறகு தாய் வளர்க்குமா?

ஊட்டி வளர்ப்பது கிடையாது. பெரும்பாலான குட்டிகள் முதல் மணியிலிருந்தே தனிதான். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு சில நாளுக்கு, சில வாரங்களுக்குக் கூடப் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரித்த பிறகு இரை தேடப் போகும்.

விதிவிலக்குகள் உண்டு. கிலுகிலுப்பை விரியன் தாய்கள், குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும் வரை கூடவே இருக்கின்றன. ஒரே பாறையடியில் பல தாய்கள் சேர்ந்து ஈன்று, குட்டிகள் எல்லாம் கலந்து குவிந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க மலைப்பாம்பைப் பற்றி கிரஹாம் அலெக்சாண்டர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெகிழ வைப்பது. அந்தத் தாய் நடுங்கிச் சூடு உண்டாக்குவதில்லை. அதற்குப் பதிலாக, பேறுகாலத்தில் உடல் நிறமே கறுத்து, வெளியே போய் உயிருக்கே ஆபத்தான அளவு வெயில் காய்ந்து, அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு வளைக்குள் வந்து முட்டைகளைச் சுற்றிக்கொள்கிறது. பொரித்த பிறகும் சுமார் இரண்டு வாரம் போகாது. பகலில் வளை வாயில் வெயில் காயும் குட்டிகள் இரவில் வந்து தாயின் சுருளுக்குள் படுத்துக்கொள்கின்றன. அரை ஆண்டுக்கும் மேல் ஒன்றும் தின்னாமல் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இழந்துவிடுகிறது அந்தத் தாய். சில தாய்கள் இதிலிருந்து மீளாமல் இறந்தும் போகின்றன.

குட்டிப் பாம்புக்கு நஞ்சு இருக்குமா? பெரியதைவிட ஆபத்தாமே?

நஞ்சுள்ள இனமாக இருந்தால் பிறந்த நிமிடத்திலிருந்தே நஞ்சும் பல்லும் தயார். பெரியதைவிட ஆபத்து என்பது சரியில்லை. நஞ்சுப்பை சிறியது, ஏற்றும் அளவும் குறைவு. ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. குட்டி கடித்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் ஒரு குட்டிப் பாம்பு வந்தது. தாய் பின்னாலேயே வருமா?

வராது. தாய் தேடி வருவது என்பது பாம்பில் இல்லை. ஆனால் ஒரு குட்டி இருந்தால் அதனோடு பிறந்தவை பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. மூலை முடுக்கையும் செருப்பையும் சில நாள் கவனமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

தோண்டும்போது பாம்பு முட்டைகள் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில் கையை எடுங்கள், தாய் உள்ளேயே இருக்கலாம். தோண்டுவதை நிறுத்திவிட்டு, பாம்பு மீட்பவர்களையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். முடிந்தால் திரும்ப மூடிவிட்டு, பொரித்துப் போகும் வரை அந்த இடத்தை விட்டுவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

முட்டையை மட்டும் உருட்ட வேண்டாம். கோழி தன் முட்டையை அடிக்கடி திருப்பிவிடும். பாம்பு முட்டைக்கு அது ஆகாது. இட்ட ஒன்றிரண்டு நாளிலேயே கரு ஓட்டின் மேல்பக்கத்து உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கவிழ்த்தால் மஞ்சள் கருவின் கனம் அழுத்தி இறந்துவிடலாம். தவிர்க்க முடியாமல் இடம் மாற்ற வேண்டி வந்தால் மீட்பவர்கள் செய்வது இதுதான்: ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் மெதுவாக ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஈர மண்ணிலோ தேங்காய்நார்த் தூளிலோ அந்தப் புள்ளி மேலே தெரியும்படியே கொண்டு போய் வைப்பார்கள்.